பேஜர் அடிச்சா ஓடணும், போய் சேந்தா உக்காரணும்

நேத்து ராத்திரி ரெண்டே முக்காலுக்கு பேஜர் அலறுச்சு. இந்த காலத்துல யாருடா பேஜர் வச்சிருக்கான்னு ஊர்ல தம்பி சிரிக்கிறான், ஆனா இங்க ஆஸ்திரேலியாவுல, விக்டோரியா மாநிலத்தோட மேற்கு பக்கம், கோதுமை வயல் நடுவுல இருக்குற எங்க சின்ன ஊர்ல போன் சிக்னல் எப்ப வரும் எப்ப போகும்னு சொல்லவே முடியாது, அதனால சி.எஃப்.ஏ, அதாவது கிராமப்புற தீயணைப்பு படை ஆளுங்க இடுப்புல இன்னும் அதுதான். மாநிலம் முழுக்க சுமார் 1,200 பிரிகேட் (தீயணைப்பு குழு), அதுல பெரும்பாலும் சம்பளம் வாங்காத ஆளுங்க. விவசாயி, மெக்கானிக், டீச்சர், இப்போ முதியோர் இல்லத்துல நர்ஸ் வேலை பாக்குற நானும்.

சேந்து ஏழு மாசம் ஆச்சு. ட்ரெயினிங்ல முதல்ல சொல்லி குடுத்தது தீயை எப்படி அணைக்கிறதுன்னு இல்ல, எப்படி சாகாம இருக்குறதுன்னுதான். 1998 டிசம்பர் 2ஆம் தேதி இதே மாநிலத்துல லிண்டன்ங்கிற ஊர்ல காட்டுத்தீ அணைக்கப் போனப்போ காத்து திசை மாறி அஞ்சு வாலன்டியர்ஸ் லாரியோட எரிஞ்சு போனாங்க. இங்க கோடையில வடக்குலேருந்து அனல் காத்து அடிக்கும், அப்புறம் திடீர்னு தென்மேற்குலேருந்து குளிர்ந்த காத்து வரும், வெயில்ல வெந்துட்டு இருக்கவனுக்கு அப்பாடான்னு இருக்கும் ஆனா அதுதான் எமன், ஏன்னா அதுவரைக்கும் ஓரமா நீளமா எரிஞ்சிட்டு இருந்த பக்கம் முழுசும் அந்த நிமிஷத்துலேருந்து முன்பக்கமா மாறிடும். அதனால டேங்க்கை கடைசி சொட்டு வரைக்கும் காலி பண்ணவே கூடாது, நம்ம லாரியையும் நம்மளையும் நனைச்சுக்க கொஞ்சம் மிச்சம் வச்சே ஆகணும். எங்க லாரி மூவாயிரம் லிட்டர் சொச்சம். கேக்க பெருசா இருக்கும், ஒரு ஹோஸை முழுசா திறந்து விட்டா பத்து பதினஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிரும்.

சரி நேத்து கதைக்கு வரேன். வைக்கப்போர். பெரிய பெரிய சதுர பேல் (மெஷின்ல இறுக்கி கட்டுன வைக்கோல் கட்டு), ஷெட்டுக்கு பக்கத்துல திறந்த வெளியில அடுக்குனது, உள்ளேருந்து தானாவே பத்திக்கிச்சு. யாரும் நெருப்பு வைக்கல. சரியா காயாம கட்டுனா உள்ள சூடேறி சூடேறி சில வாரம் கழிச்சு கூட எரிய ஆரம்பிக்கும். எங்க தாத்தா கும்பகோணம் பக்கம் இதையேதான் சொல்லுவாரு, ஈரத்தோட போர் போட்டா உள்ளயே வெந்துரும்டான்னு, போருக்குள்ள முழங்கை வரைக்கும் கைய விட்டு பாப்பாரு. இங்க பேல் இறுக்கமா இருக்கும், கை போகாது, அதனால ஒரு கடப்பாரைய உள்ள சொருகி ரெண்டு மணி நேரம் விட்டு உருவி தொட்டு பாக்குறாங்க, புடிக்கவே முடியலன்னா ஆபத்து. முதல் தடவை அந்த கடப்பாரைய பாத்தப்போ எனக்கு ஊருக்கே போய்ட்டு வந்த மாதிரி இருந்துச்சு.

நான் என்ன நெனச்சேன்னா போன உடனே தண்ணிய பீச்சி அடிக்கப் போறோம்னு. ஹோஸை இழுத்துட்டு ஓடுனேன் பாருங்க, கேப்டன் (எழுபது வயசு இருக்கும், இன்னும் அவர சார்னு கூப்புட வாய் வருது, கூப்புட்டா திட்டுவாரு) "எங்க ஓடுற, நில்லு"ன்னாரு. தண்ணி அந்த பேலுக்குள்ள இறங்கவே இறங்காது, மேல ஈரம் உள்ள கங்கு. மேல ஏறவும் கூடாது, உள்ள எரிஞ்சு குழியாகி இருக்கும், கால வச்சா அப்படியே உள்ள போயிடுவோம். அதனால வயல்காரர் மகன் லோடர்ல ஒவ்வொரு பேலா பிச்சு எடுத்து வெறும் மண்ணுல பரப்ப, நாங்க ஷெட்டு மேல தண்ணி தெளிச்சு, பறக்குற பொறிய துரத்திக்கிட்டு, மத்தபடி எரியுறத பாத்துக்கிட்டு உக்காந்திருந்தோம். அக்கம்பக்கத்து விவசாயிங்க யூட் (பின்பக்கம் திறந்த சின்ன சரக்கு வண்டி) பின்னாடி தண்ணி டேங்க்கும் பம்பும் கட்டிக்கிட்டு அவங்களாவே வந்துட்டாங்க. யாரோ டீயும் சாசேஜ் ரோலும் கொண்டு வந்தாங்க. அஞ்சு மணி நேரம். அந்த வயல்காரரு மட்டும் ஒண்ணும் பேசல, வேலி கம்பத்துல சாஞ்சு நின்னு வருஷம் முழுக்க மாட்டுக்கு வச்சிருந்தது எரியுறத பாத்துட்டே இருந்தாரு, அவர்கிட்ட என்ன பேசுறதுன்னு எந்த ட்ரெயினிங்லயும் சொல்லி தரல, நானும் போய் பக்கத்துல நின்னேன் அவ்ளோதான்.

விடிஞ்சப்புறம் ஷெட்டு ஓரத்து புல்லுல பொறி விழுந்த இடத்தையெல்லாம் புறங்கைய வச்சு சூடு இருக்கான்னு தடவி பாத்து, ஸ்டேஷனுக்கு வந்து ஹோஸ் கழுவி, டேங்க் ரொப்பி, நேரா டியூட்டிக்கு போனேன். குளிச்சும் புகை நாத்தம் போகல. ரூம்ல இருக்குற பெரியவர் ஒருத்தர், தொண்ணூறு தாண்டிட்டாரு, பல நாள் என் பேரே ஞாபகம் இருக்காது, மாத்திரை குடுக்க குனிஞ்சேன், மூக்க உறிஞ்சி பாத்துட்டு "வைக்கோலா? யாரோடது?"ன்னாரு. சொன்னேன். கொஞ்ச நேரம் ஜன்னல பாத்துட்டு இருந்தாரு, அப்புறம் கேட்டாரு, "கடப்பாரை போட்டு பாக்கலையா அவன்?"