இருபத்திரண்டு வினாடி மாம்பழம்

நேற்று முன்தினம் கொக்குவிலில் ஒரு செத்தவீட்டுக்குப் போயிருந்தேன். முற்றத்தில் சுண்ணம் இடிக்கத் தொடங்கிவிட்டார்கள், பேரப்பிள்ளைகள் பந்தம் பிடிப்பதற்கு வரிசையில் நிற்கிறார்கள். அந்த நேரம் பார்த்துப் பறைமேளச் சத்தத்துக்கும் மேலால் ஒருவர் என் காதுக்குள் குனிந்து, "ஐயா, நீங்கள்தானே அந்த மாம்பழ ஐயா? ஒரு படம் எடுக்கலாமோ?" என்று கேட்டார். கேட்டவர் செத்தவரின் கடைசி மருமகன் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. மறுப்பதா, துக்கம் விசாரிப்பதா என்று நான் முடிவெடுப்பதற்குள் படம் எடுத்தாகிவிட்டது. அந்தப் படத்தில் நான் சிரிப்புக்கும் அழுகைக்கும் நடுவில் ஒரு முகத்தோடு நிற்கிறேன். எனக்குப் பின்னால் மலர்வளையம் ஒன்று, எனக்கே வைத்ததுபோல் இருக்கிறது.

முன்பெல்லாம் எங்கள் ஊரில் ஒரு மனிதனின் படம் பத்திரிகையில் வரவேண்டுமென்றால் அவன் முதலில் சாக வேண்டியிருந்தது. மரண அறிவித்தலில் ஒரு தடவை, 31 ஆம் நாள் கொடுக்கும் கல்வெட்டு என்ற நினைவுப் புத்தகத்தில் ஒரு தடவை, ஆண்டு நினைவஞ்சலியில் ஒரு தடவை என்று மூன்று முறை வரும். மூன்றையும் அவன் பார்க்கப் போவதில்லை என்பதால், படத்தில் முகம் வீங்கியிருக்கிறது என்று குறை சொல்லவும் ஆளில்லை. உயிரோடு இருக்கும்போதே பத்திரிகையில் வந்தவர் எங்கள் குடும்பத்தில் அப்பா ஒருவர்தான். அதுவும் ஈழநாட்டில், தம்முடைய சைக்கிள் காணாமற்போனது பற்றி அவர் காசு கட்டிப் போட்ட அறிவித்தல். சைக்கிள் கிடைக்கவில்லை. பத்திரிகைத் துண்டு மட்டும் கந்தபுராணத்துக்குள் கடைசிவரை இருந்தது.

அந்தக் காலத்துப் புகழுக்கு முகமும் தேவைப்படவில்லை. இலங்கை வானொலியில் கே. எஸ். ராஜா பேசத் தொடங்கினால் எங்கள் வீட்டில் அம்மிச் சத்தம் நின்றுவிடும். ஆனால் அவர் கறுப்போ சிவப்போ, நெட்டையோ குட்டையோ என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அவர் எங்கள் ஒழுங்கைக்குள் நடந்து வந்திருந்தாலும் சின்ன மாமி அவரைக் கடன்காரர் என்று நினைத்துத்தான் படலையைச் சாத்தியிருப்பார். இப்போது நிலைமை தலைகீழாகிவிட்டது. என் முகம் ஊருக்கெல்லாம் தெரிகிறது. நான் என்ன சொன்னேன் என்பதுதான் எனக்கே மறந்துகொண்டு வருகிறது.

நடந்தது இவ்வளவுதான். மூன்று கிழமைக்கு முன்னர், ஞாயிற்றுக்கிழமை காலையில், கறுத்தக் கொழும்பான் மாம்பழம் வாங்குவதற்காக யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்குப் போனேன். வழக்கமாக வாங்கும் பெண்மணியிடம் விலை கேட்டபோது அவர் கிலோ 600 ரூபா என்றார். ஒரு பழத்தை எடுத்து, காம்புப் பக்கத்தை மூக்கில் வைத்து, அப்பா செய்வதுபோலவே கண்ணை மூடி முகர்ந்துவிட்டு, "மாம்பழத்துக்கு மணம் வேணும் பிள்ளை, உதுக்கு நிறம் மட்டுந்தான் இருக்கு" என்றேன். சந்தையில் இப்படி ஏதாவது சொல்லாமல் எதையும் வாங்கக்கூடாது என்பது எங்கள் பரம்பரை ஒழுக்கம். அந்தப் பெண்மணி என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, "மணக்கிறதுக்கு நான் காசு கேட்கேல்லை ஐயா. மணந்துபோட்டு வையுங்கோ, தின்னுறதுக்குத்தான் அறுநூறு" என்றார். அந்த வரிசை முழுவதும் சிரித்தது. வெற்றிலைக் கடைக்காரர் இருமிச் சிரித்தார். எனக்கு மறுமொழி வரவில்லை. இரண்டு கிலோ வாங்கிக்கொண்டு சைக்கிளை மிதித்தேன்.

இதற்கிடையில், கைத்தொலைபேசியைக் கம்பொன்றில் மாட்டிக்கொண்டு நின்ற ஒரு பொடியன் அந்தப் பக்கத்தையே படம் எடுத்துக்கொண்டிருந்தான் என்பதை நான் கவனிக்கவில்லை. கவனித்திருந்தால் முதலாவது தெறி இல்லாத அந்தக் கட்டம் போட்ட சேட்டோடு போயிருப்பேனா? இந்தக் கேள்வியை நான் கேட்கவில்லை, மனைவி கேட்டார். மூன்று கிழமையாகக் கேட்டுக்கொண்டேயிருக்கிறார். அலுமாரிக்குள் ஏழு நல்ல சேட்டு மடித்து வைத்திருக்க, கனடாவில் இருக்கும் தன் தங்கைமார் முன்னால் தன்னை ஒரு தெறிகூடத் தைக்கத் தெரியாதவளாக நான் ஆக்கிவிட்டேன் என்பது அவருடைய வாதம். அதற்கும் என்னிடம் மறுமொழி இல்லை.

பொடியனின் காணொளி மொத்தம் ஒன்பது நிமிடம். அதில் நான் வருவது 22 வினாடி. அந்த 22 வினாடியை மட்டும் யாரோ வெட்டி எடுத்துத் தனியே உலவவிட்டிருக்கிறார்கள். என் வசனம் முடிகிறது, அந்தப் பெண்மணி என்னை ஏற இறங்கப் பார்க்கிறார், அந்தப் பார்வையிலேயே படம் உறைந்து நிற்கிறது. அவர் சொன்ன மறுமொழி இல்லை. மேலே மஞ்சள் எழுத்தில், "சந்தையில் கொந்தளித்த ஐயா! வாயடைத்துப்போன வியாபாரி!" என்று தலைப்பு. என் மூக்கைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம். அது மூக்குத்தான் என்று சனத்துக்குக் காட்ட ஓர் அம்புக்குறி. கொந்தளித்தவரும் இல்லை, வாயடைத்தவர் வியாபாரியும் இல்லை. ஒரு வரித் தலைப்பில் இத்தனை பொய்யை அடக்குவதற்கு ஒரு கவித்துவம் வேண்டும் என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

அதற்குப் பிறகு அந்த வசனம் என்னை விட்டுப் போய்விட்டது. நடிகைமாரின் படங்களுக்குக் கீழே என் குரல், மேடையில் கைகாட்டும் அரசியல்வாதிகளின் நடைக்குப் பின்னால் என் குரல், புதிதாக வெள்ளையடித்த ஒரு பாடசாலைக் கட்டடத்துக்கு என் குரல். தாளம் சேர்த்து, "நிறம் மட்டுந்தான், நிறம் மட்டுந்தான்" என்று துள்ளவும் விட்டிருந்தார்கள். அது ஓட்டோ ஒன்றில் ஒலித்துக்கொண்டு கே.கே.எஸ். வீதியால் போனதை என் காதாலேயே கேட்டேன். ஸ்காபரோவில் இருந்து மூத்தக்கா எடுத்து, உனக்கு மூக்கு அப்பாவுடையதுதான் என்பதை இப்போதுதான் கவனித்தேன் என்றார். பாரிஸ் அத்தான், இவ்வளவு விலை கொடுத்து மாம்பழம் வாங்கும் ஆளுக்குத் தான் ஏன் இன்னும் காசு அனுப்ப வேண்டும் என்று கேட்டார்.

இந்தப் பொடியன்களுக்கு ஏன் இந்த அவதி என்பதை இலண்டனில் இருக்கும் மருமகன்தான் விளங்கப்படுத்தினான். யூடியூப்பில் விளம்பரக் காசு வாங்குவதற்கு ஆயிரம் சந்தாதாரர் சேர வேண்டுமாம். ஓராண்டுக்குள் சனம் நாலாயிரம் மணிநேரம் பார்த்திருக்க வேண்டுமாம். முப்பத்தொரு வருடம் கணக்குப் புத்தகத்தோடு இருந்தவன் சும்மா இருப்பேனா? நாலாயிரம் மணிநேரம் என்பது 1,44,00,000 வினாடி. அதை 22 ஆல் பிரித்தால், என் முகத்தை மட்டும் வைத்து அந்தப் பொடியன் உழைப்பதென்றால் சனம் அதை 6,54,546 தடவை பார்த்தாக வேண்டும். மனைவி இந்தக் கணக்கைக் கேட்டுவிட்டு, தான் முப்பத்தெட்டு வருடமாகப் பார்ப்பதற்கு யார் காசு தருவார்கள் என்றார். யூடியூப்பின் முதலாவது காணொளியும் சந்தைக்கு அப்படியொன்றும் தூரமில்லை என்றான் மருமகன்: 2005 சித்திரை 23 ஆம் திகதி ஏற்றப்பட்ட அதில், அந்தத் தளத்தைத் தொடக்கியவர்களில் ஒருவர் மிருகக்காட்சிச்சாலையில் யானைகளுக்கு முன்னால் நின்று, இவற்றின் தும்பிக்கை நீளம் என்கிறார். மொத்தம் 19 வினாடி. என்னுடையது மூன்று வினாடி கூட. பொருளும் கொஞ்சம் கூட.

பொடியனைத் தேடிப் பிடித்து, அதை நீக்கிவிடு தம்பி என்று தொலைபேசியில் மரியாதையாகக் கேட்டேன். "ஓம் ஐயா, பார்க்கிறன் ஐயா" என்றான். பார்த்தான். மறுநாள் காலையில், "வீடியோவை நீக்கச் சொன்ன மாம்பழ ஐயா! பின்னணியில் நடந்தது என்ன?" என்று பதினொரு நிமிடத்துக்கு ஒரு புதுக் காணொளி வந்தது. அது முதலாவதை விட அதிகம் ஓடியது. மருமகன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டு, இதற்கு ஏற்கெனவே 'ஸ்ட்ரைசாண்ட் விளைவு' என்று பெயர் வைத்திருக்கிறார்கள் மாமா என்றான். 2003 இல் பார்பரா ஸ்ட்ரைசாண்ட் என்னும் அமெரிக்கப் பாடகி, கலிபோர்னியாவின் கடற்கரையைப் பதிவுசெய்த படங்களில் தன் மாளிகையும் விழுந்துவிட்டது என்று ஐந்து கோடி டொலர் கேட்டு வழக்குப் போட்டாராம். வழக்குக்கு முன்னர் அந்தப் படத்தை இறக்கிப் பார்த்தது ஆறே ஆறு தடவை, அதிலும் இரண்டு அவருடைய வழக்கறிஞர்களே. வழக்குப் போட்ட பின்னர் ஒரு மாதத்துக்குள் நாலு இலட்சத்துக்கும் அதிகமான வருகை. வழக்கும் தள்ளுபடியானது. அந்த அம்மாவுக்காவது கடற்கரை மாளிகை மிஞ்சியது.

அதே மருமகன் சொன்ன இன்னொன்றும் நினைவிருக்கிறது. பிரபலங்களினதும் துயரத்தில் இருந்த குடும்பங்களினதும் தொலைபேசிச் செய்திகளை ஒட்டுக்கேட்ட விவகாரத்தில் இலண்டனின் 168 வயதான ஞாயிறு பத்திரிகையொன்று 2011 ஆடியில் இழுத்து மூடப்பட்டது. நான் அதை நம்பமுடியாமல் கேட்டேன். எங்கள் ஒழுங்கையில் அவ்வளவு செலவில்லை, மதில் போதும். நான் தொலைபேசியில் அந்தப் பொடியனைக் கெஞ்சியது இரவு எட்டு மணிக்கு, எட்டரைக்கு முன்வீட்டு ஆச்சி படலைக்கு வந்து, "என்ன, மாட்டனெண்டிட்டானோ?" என்றார்.

ஒன்றை மறைக்கக்கூடாது. 2024 மாசி 9 ஆம் திகதி முற்றவெளி மைதானத்தில் ஹரிஹரனின் இசைநிகழ்ச்சி நடந்தபோது, தமன்னாவையும் யோகிபாபுவையும் கிட்டத்தில் பார்ப்பதற்காகச் சனம் தடுப்புகளைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய் நிகழ்ச்சியே குழம்பிப்போனது. பக்கத்து வீட்டுப் பொடியன் ஒரு செருப்போடு திரும்பி வந்தான். தான் பார்த்தது முன்னால் நின்றவனின் முதுகைத்தான் என்றான். ஒரு முகத்தைக் கிட்டத்தில் பார்ப்பதற்கு இவ்வளவு அந்தரமா என்று அன்றைக்கு வாசிகசாலையில் அரை மணிநேரம் பேசினேன். அந்தப் பேச்சைப் பேசிய ஆள்தான் இந்த மூன்று கிழமையும் பாண் வாங்கப் போகும்போது தலை சீவிக்கொண்டு போனான். காணொளியை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று இரவில் மூன்று தரம் எழும்பிப் பார்த்தவனும் அவன்தான். கீழே எழுதியவர்கள் என்னை "யாழ்ப்பாணத்தின் கம்பீரம்" என்றார்கள். ஒருவர் "இப்படியான அப்பாக்கள் இனி வரப்போவதில்லை" என்றார். எல்லாவற்றையும் வாசித்தேன். சிலவற்றை இரண்டாம் முறையும் வாசித்தேன்.

அப்படி வாசித்துக்கொண்டு போனபோதுதான் மற்றவை கண்ணில் பட்டன. என்னைப் புகழ்ந்த அதே ஆட்கள் அந்தப் பெண்மணியைப் பற்றி எழுதியவை. கொள்ளைக்காரி, வாய்காரி, முழியைப் பார், மருந்தடித்த பழம் விற்கிறவள். மருந்து என்ற சொல்லை நான் சொல்லவேயில்லை. ஒரு வசனம் கதைத்த எனக்குக் கம்பீரம் வந்துவிட்டது. ஒரு சொல்லும் கதைக்க விடப்படாத அவருக்கு வாய் வந்துவிட்டது. அந்தக் காணொளியில் புகழ் பெறுவதற்கு ஒரேயொரு வசனம் இருந்தது, அது அவருடையது, அதைத்தான் கத்தரித்திருந்தார்கள். இவ்வளவு நாளும் இதை நான் கவனிக்காமல் இருந்தேன் என்பதல்ல. கவனித்திருந்தால் ஏதாவது செய்ய வேண்டிவரும் என்பதால் அந்தப் பக்கம் போகாமல் இருந்தேன். பழத்தையும் கல்வியங்காட்டில் வாங்கினேன்.

பொடியனுக்கு மறுபடியும் எடுத்து, முழுவதையும் போடு தம்பி, அவர் சொன்ன மறுமொழியோடு போடு, நான் பேந்தப்பேந்த முழித்ததையும் போடு, அது இன்னும் நன்றாக ஓடும் என்றேன். அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அது இப்ப பழசு ஐயா. ஆக்கள் பார்க்கமாட்டினம்" என்றான். மூன்று கிழமையில் நான் பழசாகிவிட்டேன். கறுத்தக் கொழும்பான்கூட வைக்கோலுக்குள் ஒழுங்காக வைத்தாலும் ஒரு கிழமைதான் தாங்கும்.

இன்று காலையில் திருநெல்வேலிக்குப் போனேன். தெறி தைத்த சேட்டோடுதான். அந்தப் பெண்மணி என்னைக் கண்டதும், "வாங்கோ ஐயா, உங்கட படம் நல்லா ஓடுதாம்" என்றார். குரலில் கோபம் இல்லாததுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது. பொடியன்கள் கூட்டமாக வந்து, பழத்தைத் தூக்கி மணந்து, என் வசனத்தைச் சொல்லி, தங்களைத் தாங்களே படம் எடுத்துவிட்டு, ஒன்றும் வாங்காமல் போகிறார்களாம். ஏ. எல். படிக்கும் மகள் இரண்டு நாள் ரியூசனுக்குப் போகவில்லையாம். "நான் சொன்னதை வெட்டிப்போட்டான்கள்" என்று மட்டும் ஒருமுறை சொன்னார். அதைத்தான் போட்டிருக்க வேண்டும் என்றேன். வெற்றிலைக் கடைக்காரர் அந்தப் பக்கத்தில் இருந்து, "நாங்கள் கேட்டனாங்கள்தானே" என்றார்.

நான் ஏதோ மன்னிப்புப் போன்ற ஒன்றைத் தொடங்கினேன்; அது சந்தைச் சத்தத்துக்குள் பாதியிலேயே நின்றுவிட்டது. அவர் கூடைக்கு அடியில் வைக்கோலை விலக்கி ஒரு பழத்தை எடுத்து என் கையில் தந்து, "இதை மணந்து பாருங்கோ" என்றார். மணந்தேன். அப்பாவின் வளவில் நின்ற மரத்துப் பழம்போல மணந்தது. இரண்டு கிலோ போடச் சொன்னேன். கிலோ 650 என்றார்.

போனமுறை 600 தானே பிள்ளை என்று கேட்டேன்.

"ஐம்பது மணத்துக்கு" என்றார்.

கொடுத்துவிட்டு வந்தேன்.