கேரவன் டயர் மாற்றிய கதை

போன மாதம் கேமரன் மலைக்குக் கிளம்பினோம். ஜாவி தாண்டியதும் பின்னால் இழுத்து வந்த கேரவனின் இடதுபக்க டயர் வெடித்துவிட்டது. அப்பா, அம்மா என்னோடு காரில் இருந்தார்கள். முருகன் புண்ணியம், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

கழற்றிப் பார்த்தால் ரோட்டில் படும் பகுதி தேயவே இல்லை. ஆனால் பக்கவாட்டில் முடி முடியாக வெடிப்பு. அங்கே பொறித்திருந்த எண் 2317. அதாவது 2017ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்த டயர். வருடத்துக்கு நாலைந்து முறைதான் ஓட்டுகிறோம், மற்ற நாளெல்லாம் பட்டர்வொர்த் வீட்டு வாசலில் வெயிலில் நிற்கிறது. நின்றே கெட்டுப்போயிருக்கிறது!

கடையில் முதலில் அதே அளவில் கார் டயரைக் காட்டினார்கள். விலை குறைவுதான், மனம் ஒப்பவில்லை. பாரம் ஏறினால் அதன் பக்கவாட்டு நெளியும், கேரவன் ஆடும். வேனுக்குப் போடும் 195 ஆர் 14 சி என்ற அளவு டயரைக் கேட்டு வாங்கினேன். எடைக் குறியீடு 106, ஒரு டயர் 950 கிலோ தாங்கும். எங்கள் கேரவன் சாமானோடு 1,350 கிலோ, இரண்டே சக்கரம். தயாரிப்பு வாரத்தைப் பார்த்து, ஸ்பேரோடு மூன்றையும் புதிதாகவே மாற்றிவிட்டேன். வேன் டயருக்கு வேண்டிய கூடுதல் காற்றழுத்தத்தை ரிம் (டயரை மாட்டும் உலோகச் சக்கரம்) தாங்குமா என்றும் கேட்டுக்கொண்டேன்.

இனி காற்று பார்ப்பது கிளம்பும் முன், டயர் சூடாகாத விடியற்காலையில். வீட்டில் கேரவன் வைத்திருப்பவர்கள் இன்றைக்கே குனிந்து அந்த நாலு எண்ணைப் பாருங்கள்.