கொறங்காட்டுத் தடம்: சித்திரை நாட்குறிப்பு

ஏப்ரல் 6

காங்கயம் பக்கம் சிவன்மலைக்குத் தெற்கே கொறங்காட்டு இட்டேரி, அதாவது வேலி போட்ட மேய்ச்சல் காடுகளுக்கு நடுவே போகும் தடம். செம்மண் காரை பூசினாற்போல இறுகிக் கிடக்கிறது. அதன்மேல் விரற்கடை உயரம் வெங்கச்சாங்கல்லும் சுக்காங்கல்லும் பொடிப்பொடியாக. மலைச் சைக்கிள் டயரின் குமிழ்கள் கல்லைத்தான் மிதிக்கின்றன, மண்ணைத் தொடுவதே இல்லை. வண்டி வழுக்குவது அதனால்தான்.

70 கிலோ ஆளுக்கு, 2.3 அங்குல ட்யூப்லெஸ் டயரில், காற்றழுத்தம் முன்னால் 22 பி.எஸ்.ஐ., பின்னால் 25. கரட்டுப் பாறைப் பக்கம் போவதானால் பின்னால் மட்டும் 2 கூட்டலாம். ரிம் அடிவாங்குவது பெரும்பாலும் அங்கேதான். முன்னால் கூட்டவே வேண்டாம்.

ஏப்ரல் 7

மழைக்கான மேகம் இல்லை.

ஏப்ரல் 10

நெருஞ்சி காய்ந்து உதிரத் தொடங்கிவிட்டது. அரிசோனாப் பாலைத் தடங்களில் டயரைத் தைப்பதும் இதே செடிதான், வெளியிலிருந்து போய் அங்கே பரவியது. நெருஞ்சி போடும் ஓட்டை சின்னது, டயருக்குள் ஊற்றி வைக்கும் சீலன்ட் திரவமே அடைத்துவிடும். வெள்வேல முள்ளும் வேலிமுள்ளும் அப்படியில்லை. நீளமாக, சாய்வாக, பக்கச்சுவரில் இறங்கும். கிளுவை வேலியைக் கழித்துப் போட்ட வாரம் இன்னும் மோசம். தடம் முழுக்க மிலாறு கிடக்கும்.

தைத்த முள் காற்றை விடவில்லை என்றால் காட்டில் வைத்துப் பிடுங்கக் கூடாது. வீட்டுக்கு வந்து பிடுங்கி, உடனே ஓட்டையைக் கீழ்ப்பக்கம் திருப்பி வைக்கணும். சீலன்ட் அங்கே தேங்கி அடைக்கும். அடைக்காத ஓட்டைக்கு ரப்பர் திரி. பக்கச்சுவர் கிழிந்தால் திரி நிற்காது. உள்ளே ஒரு துண்டுப் பழைய டயரை வைத்து ட்யூப் போடுவதுதான் வழி. அதனால் ட்யூப்லெஸ் வண்டியானாலும் பையில் ஒரு ட்யூப் கட்டாயம்.

29 அங்குலச் சக்கரத்துக்கு 100 முதல் 120 மில்லி சீலன்ட். இந்த வெயிலில் இரண்டு மாதத்தில் உள்ளேயே தோல்போல் காய்ந்துவிடும். வால்வை மேலே வைத்துக் காற்றை இறக்கி, வால்வின் உள்முனையை (கோர்) கழற்றி, சக்கரத்தைத் திருப்பி வால்வைக் கீழே கொண்டுவந்து, மெல்லிய பிளாஸ்டிக் கட்டுப்பட்டையை உள்ளே விட்டுப் பார்க்கணும். நனைந்து வந்தால் சரி. வறண்டு வந்தால் ஊற்றணும். வால்வைக் கீழே வைத்துக்கொண்டே காற்றை இறக்கினால் முகத்தில் பீய்ச்சும்.

ஏப்ரல் 14

சித்திரைக் கனி. தடத்தில் வழுக்கும் கிணற்று வளைவு அப்படியேதான் இருக்கிறது.

ஏப்ரல் 19

கிணற்று வளைவு. இறக்கத்தில் வலப்பக்கம் திரும்புகிறது. போகிற வண்டியெல்லாம் கல்லை வெளி ஓரத்துக்குத் தள்ளித் தள்ளி, இறுகிய மண் உள்ளே ஒரு சாண் அகலம்தான் மிச்சம். நிம்மதியாகப் பிடிக்கும் இடம் அது மட்டுமே.

பிரேக் முழுவதும் வளைவுக்கு முன்னாலேயே, வண்டி நிமிர்ந்திருக்கும்போதே முடியணும். சாய்ந்தபிறகு முன்பிரேக்கைத் தொட்டால் முன்சக்கரம் போய்விடும். இடது பெடல் கீழே, எடை முழுக்க அதன்மேல். சாய்க்க வேண்டியது வண்டியை, உடம்பை அல்ல. நெஞ்சைத் தாழ்த்தி, முழங்கையை விரித்து, முன்சக்கரத்தில் எடை வைக்கணும். பயத்தில் எல்லோரும் பின்னால் சாய்கிறார்கள். எடை இழந்த முன்சக்கரம்தான் முதலில் நழுவும். கண் கல்லைப் பார்க்கக் கூடாது, வளைவு முடியும் இடத்தைப் பார்க்கணும்.

அங்கேயே ஒரு படல். உள்ளே மாடு மேய்கிறது. காட்டுக்காரரிடம் கேட்டுத்தான் நுழையணும், திறந்ததை மூடிவிட்டுத்தான் நகரணும். இந்தத் தடம் நமக்குத் திறந்திருப்பது அந்த ஒரு மரியாதையால்.

ஏப்ரல் 21

காலை 24 டிகிரியில் 22 வைத்த டயர், 40 டிகிரி ஆகும்போது 24. கல்லின் மேல் அந்த இரண்டு நன்றாகவே தெரிகிறது. ஆறு மணிக்குக் கிளம்பி எட்டரைக்குள் இறங்கிவிடணும். மணிக்கு 750 மில்லி தண்ணீர், அதில் ஒரு சிட்டிகை உப்பு.

ஏப்ரல் 27

மேற்கே இருட்டிக்கொண்டு வந்தது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எல்லாவற்றையும் கலைத்துவிட்டது. புழுதி மட்டும்.

மனசு ஒரு நிலையில் இல்லை. செயினைத் துடைத்து மெழுகு எண்ணெய் விட்டாச்சு. ஈரப்பசை எண்ணெய் இந்தப் புழுதிக்கு ஆகாது. மண்ணைப் பிடித்து அரைத்துப் பல்சக்கரத்தைத் தின்றுவிடும்.

மே 1

ஓடைப் பள்ளத்து மணல். நுழையும் முன்பே இரண்டு கியர் இறக்கி, இடுப்பைச் சற்றுப் பின்னால் தள்ளி, ஒரே சீராக மிதிக்கணும். ஹேண்டிலைத் திருப்பினால் சக்கரம் புதையும். நடுவில் மிதிப்பதை நிறுத்தினால் இறங்கித் தள்ள வேண்டியதுதான்.

மே 4

அக்னி நட்சத்திரம் தொடங்கிவிட்டது. இன்றும் மழை இல்லை.

மே 5

ஆடு மேய்க்கிற அப்புச்சி சொன்னார்: "தெக்க மின்னுது கண்ணு, பேஞ்சாலும் பேயும்."

மே 8

மழை! நல்ல மழை, ராத்திரி முக்கால் மணி நேரம். தூறலென்றால் புழுதிதான் அடங்கும், இது மண்ணுக்குள் இறங்கியிருக்கும். செம்மண் விடிவதற்குள் நீரை வடித்துவிடும். பள்ளத்துக்கு அந்தப் பக்கம் கரிசலுக்கு மட்டும் இரண்டு நாளாவது விடணும். ஈரக் கரிசல், சக்கரத்தைப் பிடிக்கும் போர்க்குக்கும் டயருக்கும் நடுவே அப்பிச் சக்கரத்தையே நிறுத்திவிடும். நாம் போடும் தடமும் காய்ந்து அடுத்த மழை வரை பள்ளமாகவே கிடக்கும்.

மே 9

கல் மண்ணுக்குள் பதிந்திருக்கிறது. குமிழின் தடம் ஒவ்வொன்றும் வெட்டினாற்போல. முன்னால் 21 போதும். வளைவில் சாண் அகலம் இன்று இரண்டு முழம். என்ன சந்தோஷம்!

பின்டயரில் பட்டை வறண்டு வந்தது, 60 மில்லி ஊற்றணும். கரிசல் ஞாயிற்றுக்கிழமை, வெயில் அடித்தால்.