பக்கச் சக்கர ஸ்கூட்டர்: நீலகிரியில் வாங்கும் முன்

தோட்டத்திலோ டீ ஃபேக்டரியிலோ வேலை பார்க்கும்போது கால் போனவர்களுக்கு ரெண்டு தனி வழி உண்டு. விபத்து இழப்பீடு, சட்டப்படி முதலாளி தர வேண்டியது. 2 வருஷத்துக்குள் மனு போடணும். பக்கச் சக்கரம் வைத்த பெட்ரோல் ஸ்கூட்டர், மாநில அரசின் மாற்றுத்திறனாளிகள் நலத்துறை தகுதி உள்ளவங்களுக்கு இலவசமாகத் தருவது. "ஸ்கூட்டர் வாங்கித் தர்றோம், கேஸ் வேண்டாம்"னு முதலாளி தரப்பில் சொன்னா கையெழுத்துப் போடாதீங்க.

ஸ்கூட்டருக்கு ஊட்டியில் இருக்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்க. மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டை, ஆதார், எல்.எல்.ஆர். (ஓட்டப் பழகுவதற்கான உரிமம்) கையில் இருந்தா அலைச்சல் குறையும்.

வண்டி வந்ததும் பார்க்க வேண்டியது பக்கச் சக்கரத்தின் உயரம். ரொம்பத் தாழ்வா மாட்டியிருந்தா, குழியில் ரெண்டு பக்கச் சக்கரமும் வண்டியைத் தாங்கிக்கும், நடுவில் இருக்கும் பின் சக்கரம் அந்தரத்தில் சுத்தும். இழுவையும் போச்சு, பின் பிரேக்கும் போச்சு. கோத்தகிரி ஏற்றத்தில் இது நடந்தா வண்டி பின்னாடி உருளும். கியர் இல்லாத ஸ்கூட்டர்ல இன்ஜின் பிடிச்சு நிறுத்தாது. அதனால் சரிவில் நிறுத்தி வைக்க, பிரேக் லிவரைப் பிடிச்சபடியே வைக்கும் பூட்டு கட்டாயம் வேலை செய்யணும்.

வளைவில் இந்த வண்டி சாயாது, அதனால் வெளிப்பக்கமாகக் கவிழப் பார்க்கும். கொண்டை ஊசிக்கு முன்னாடியே வேகத்தைக் குறைங்க, வளைவுக்குள்ள பிரேக் பிடிக்காதீங்க. அகலம் கூடிடுச்சுங்கிறது முதல் ஒரு வாரம் மறந்துதான் போகும்.

சொந்த வண்டியில் சக்கரம் மாட்டினா ஆர்.சி.யில் மாற்றம் ஏற்றணும், இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுதிக் கொடுங்க.