ஒரு 'ல' குறைந்த நாடு

நேற்று இரவு கிரேக்க வரலாறு படித்துக்கொண்டிருந்தபோது ஒரு பெயரில் மாட்டிக்கொண்டேன். எலாஸ்.

1941-ல் ஜெர்மானியர், இத்தாலியர், பல்கேரியர் என்று மூன்று பேர் கிரீஸைப் பங்குபோட்டுக்கொண்டார்கள். அந்த செப்டம்பரில் 'ஈயாம்' என்ற தேசிய விடுதலை முன்னணி உருவானது. கம்யூனிஸ்டுகள்தான் முதுகெலும்பு. அடுத்த ஆண்டு அதற்கொரு படை: எலினிகோஸ் லாயிகோஸ் அபெலெஃப்தெரோதிகோஸ் ஸ்த்ராதோஸ். கிரேக்க மக்கள் விடுதலைப் படை. (மூச்சு வாங்குகிறதா?)

முதலெழுத்துகளைச் சேர்த்தால் எலாஸ். கிரீஸுக்கு அவர்களுடைய செந்நடைப் பெயரும் 'எலாஸ்'தான்! எழுதும்போது நாட்டுக்கு இரண்டு லாம்டா (கிரேக்க 'ல'), படைக்கு ஒன்று. காதில் விழும்போது வித்தியாசமே கிடையாது. படையின் பெயரைச் சொன்னாலே நாட்டின் பெயரைச் சொன்ன மாதிரி.

யார் யோசித்தார்களோ, கில்லாடி!