பிள்ளைகளிடம் போவதற்கு முன்

கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரு சிறுவர் பாதுகாப்புத் தொண்டு நிறுவனம் சனிக்கிழமைகளில் நடத்தும் பின்னேர வகுப்புக்கு வெள்ளவத்தையில் இருந்து போய் வருகிறேன். தமிழ் பேசும் தொண்டர்கள் அங்கே குறைவு. எப்படிச் சேர்வது என்று சிலர் கேட்டார்கள். அதனால் எழுதுகிறேன்.

சேர்வது லேசில்லை. லேசாக இருக்கவும் கூடாது. விண்ணப்பம், சொந்தக்காரர் அல்லாத இருவரின் உத்தரவாதம், எங்கள் பகுதி அரச அலுவலரான கிராம சேவகரின் சான்றிதழ், நான் சேர்ந்தபோது அதற்குப் பிரதேச செயலகத்தின் மேலொப்பம், பொலிஸ் ரிப்போர்ட், அப்புறம் நேர்முகம். உத்தரவாதம் தந்த என் பழைய டீச்சருக்கு அவர்கள் போன் எடுத்து, "இவரைப் பிள்ளைகளோடு விட உங்களுக்குச் சம்மதமா?" என்று நேராகவே கேட்டிருக்கிறார்கள். அம்மாவுக்குக் கோபம். "உதவி செய்யப் போற பிள்ளையைப் பற்றிப் பொலிஸில விசாரிக்கிறதா?" என்றார். பிள்ளைகளுக்குக் கெடுதல் செய்ய நினைக்கிறவன் பிள்ளைகள் கூடுகிற இடத்தைத்தானே தேடி வருவான், அம்மா, என்றேன். ஒன்றும் கேட்காமல் முதல் நாளே வகுப்புக்குள் விடுகிற இடம் என்றால் நான் திரும்பி வந்திருப்பேன்.

அடுத்தது ஒரு நடத்தைக் கோவை. வாசித்துக் கையெழுத்து வைக்க வேண்டும். மூடிய அறையில் ஒரு பிள்ளையோடு தனியே இருக்கக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, ஒரு பிள்ளைக்கு மட்டும் பரிசு கொடுக்கக் கூடாது, வாட்ஸ்அப் இலக்கம் பரிமாறக் கூடாது. இவை நம்மைச் சந்தேகப்பட்டுப் போட்டவை அல்ல. பெரியவர் ஒருவர் இந்த எல்லைகளைத் தாண்டினால் அது பிழை என்று பிள்ளைக்கே விளங்க வேண்டும், அதற்காகத்தான்.

பயிற்சியில்தான் நான் நிறையக் கற்றேன். பயிற்சி தந்த அக்கா பிள்ளையாக நடித்து, "மிஸ், நான் சொல்றதை ஒருத்தருக்கும் சொல்ல மாட்டீங்கதானே?" என்று கேட்பார். சொல்ல மாட்டேன் என்றுதான் வாயில் வரும். அந்த வாக்கைக் கொடுக்கவே கூடாது. "உன்னைப் பாதுகாக்கக்கூடிய ஆளுக்கு மட்டும் சொல்லுவேன். நீ சொன்னது நல்லது, உன்னில பிழை இல்லை" என்று சொல்ல வேண்டும். அதற்கு மேல் துருவிக் கேட்கக் கூடாது. யார், எங்கே, எத்தனை தரம் என்று நாங்கள் கேட்கக் கேட்க, எங்கள் சொற்கள் பிள்ளையின் வாயில் ஏறிவிடும். 1999இல் வந்த சட்டத்தின்படி பிள்ளையின் வாக்குமூலத்தை வீடியோவில் பதிந்து நீதிமன்றத்தில் சான்றாகக் கொடுக்கலாம். எங்கள் கேள்விகளால் அந்த வாக்குமூலம் கலங்கிப் போகக் கூடாது. பிள்ளை சொன்னதை, அது சொன்ன சொல்லிலேயே, அன்றைக்கே எழுதிப் பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் கொடுக்க வேண்டும். அங்கிருந்து தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைக்குப் போகும். 1998ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான சபை அது. அவசரம் என்றால் 1929. அந்த இலக்கத்துக்கு யாரும் அழைக்கலாம், காசு போகாது.

பிள்ளை சொன்ன சொல்லிலேயே என்பதால்தான் தமிழ் தெரிந்தவர்கள் வேண்டும் என்கிறேன். மட்டக்குளி, புளூமெண்டல் பக்கத்தில் தோட்டங்கள் என்று சொல்லப்படும் நெருக்கமான ஏழைக் குடியிருப்புகளில் இருந்து வரும் பிள்ளைகள் இவர்கள். சிலரின் தாய்மார் மத்திய கிழக்கில் வீட்டுவேலையில், தகப்பன்மார் புறக்கோட்டையில் மூட்டை சுமக்கும் நாட்டாமை வேலையில். பகலில் யாரோ உறவினர் வீட்டில்தான் இருப்பார்கள். துன்புறுத்துகிறவர் பெரும்பாலும் பிள்ளைக்கு நன்கு தெரிந்தவர்தான். மாமா, அண்ணா என்று கூப்பிடுகிற ஒருவரைப் பற்றிச் சிங்களத்தில் சொல்லச் சொன்னால், இரண்டு வார்த்தையோடு அந்தப் பிள்ளை நிறுத்திவிடும்.

வகுப்பில் படம் வரைவோம், கதை சொல்வோம், கணக்குப் பார்ப்போம். "தொடாதே" என்று உரக்கச் சொல்லப் பழக்குவோம். முதலில் கூச்சத்தில் சிரிப்பார்கள். பிறகு சுவர் அதிரக் கத்துவார்கள். எனக்கு மிகவும் பிடித்த நேரம் அது.

ஒரு தரம் ஒரு பிள்ளை என்னிடம் சொன்னதை எழுதிக் கொடுத்தேன். எந்தப் பிள்ளை, என்ன விஷயம் என்பதை எங்கும் சொல்ல மாட்டேன். அதன் பிறகு என்ன நடந்தது என்று எனக்கும் சொல்லப்படவில்லை. தெரிய வேண்டியவர்களுக்கு மட்டும்தான் தெரியும். சேர நினைக்கிறவர்கள் இதற்கு மனதைத் தயார்ப்படுத்திக்கொண்டு வாருங்கள். எனக்கு இன்றைக்கும் கஷ்டம்தான், ஆனால் அந்தப் பிள்ளையின் கதை என் ஆறுதலுக்கானது அல்ல.

கிராம சேவகர் சான்றிதழை முதலில் எடுத்து வையுங்கள். மேலொப்பத்துக்கும் அலைய வேண்டியிருந்ததால் எனக்கு அதற்குத்தான் கூட நாள் போனது.