போர்ட்டபிள் டச் ஸ்கிரீன் கம்ப்யூட்டர் ப்ராஜெக்ட்: அடுத்த பேட்ச்சுக்குச் சில விஷயங்கள்

ரிசல்ட் வந்துவிட்டது, ப்ராஜெக்டில் நல்ல மார்க். மனசு லேசாக இருக்கும்போதே எழுதிவிடுகிறேன். ராஸ்ப்பெரி பை என்ற, ஒற்றைப் போர்டில் அடங்கும் சின்னக் கம்ப்யூட்டரை வைத்து கையடக்க டச் ஸ்கிரீன் கம்ப்யூட்டர் செய்யப்போகிறவர்களுக்கு மட்டும் இது. ரிவ்யூ எப்படி நடக்கும், ரிப்போர்ட்டில் என்ன இருக்க வேண்டும் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போவது ஒன்றுதான்: பவர். இந்த ப்ராஜெக்ட் நிற்பதும் படுப்பதும் 5 வோல்ட் லைனில்தான். தலைப்பில் "போர்ட்டபிள்" என்று போட்டுவிட்டால் வைவா (வாய்மொழித் தேர்வு) முழுக்க பேட்டரியைச் சுற்றியே ஓடும். ஸ்கிரீனையும் கேஸையும் வாங்குவதற்கு முன்னால் இதை முடித்துவிடுங்கள்.

ராஸ்ப்பெரி பை 4 போர்டுக்கு 5 வோல்ட், 3 ஆம்பியர் சப்ளை வேண்டும். வோல்டேஜ் 4.63-க்குக் கீழே இறங்கினால் ஸ்கிரீன் மூலையில் மின்னல் குறி வரும், ப்ராசஸர் வேகம் குறையும். பேட்டரியின் குறைந்த வோல்டேஜை ஏற்றிக் கொடுக்கும் பூஸ்ட் கன்வெர்ட்டரை 5.1-ல் செட் செய்து, அங்கேயே மல்டிமீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு "சரியாக இருக்கிறது" என்று எல்லோரும் எழுந்துவிடுகிறார்கள். வயரை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. 28 கேஜ் வயர் (கேஜ் எண் கூடக் கூட வயர் மெலிசு) ஒரு மீட்டருக்குச் சுமார் 0.21 ஓம். போக அரை மீட்டர், வர அரை மீட்டர் என்றாலே அந்த ஒரு மீட்டர் வந்துவிட்டது. 2.5 ஆம்பியர் ஓடும்போது வயரிலேயே அரை வோல்ட்டுக்கு மேல் போய்விடும். 5.1-ல் கிளம்பியது போர்டுக்குப் போய்ச் சேரும்போது 4.57. நான் 20 கேஜ் வயரை எவ்வளவு குட்டையாக முடியுமோ அவ்வளவு குட்டையாக வெட்டிப் போட்டேன்.

அளப்பதும் லோடு போட்டுத்தான். வைஃபை ஆன், பிரைட்னஸ் முழுசு, பிரவுசரில் வீடியோ ஓட வேண்டும். போர்டில் இரண்டு வரிசையாக நிற்கும் ஜீபிஐஓ பின்களில் 4-வது பின் 5 வோல்ட், 6-வது பின் கிரவுண்ட். மல்டிமீட்டர் முனையை நேராகப் பின்னில் வைக்காதீர்கள். சறுக்கி 5 வோல்ட் பக்கத்துப் பின்னைத் தொட்டால் போர்டே போய்விடும். இரண்டு ஜம்பர் வயரைச் செருகி வெளியே எடுத்து அளங்கள்.

வைவாவில் எக்ஸ்டர்னலாக, அதாவது வெளியிலிருந்து தேர்வாளராக வந்த மேடம் முதலில் கேட்டதே இதைத்தான். "அஞ்சு வோல்ட்டுன்னு போட்டிருக்கியே, எங்கம்மா அளந்தே?"

"போர்டு பின்ல மேடம். லோடு போட்டு."

நோட்டில் போட்டிருந்த டேபிளைத் திருப்பிக் காட்டினேன். ஒரு பத்தியில் கன்வெர்ட்டர் பக்கத்து அளவு, அடுத்த பத்தியில் போர்டு பக்கத்து அளவு; சும்மா இருக்கும்போது, டெஸ்க்டாப்பில், வீடியோ ஓடும்போது என்று மூன்று வரிசை. விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். பிறகு டெர்மினலைத் திறந்து ‘விசிஜென்சிஎம்டி கெட்_த்ராட்டில்டு’ (vcgencmd get_throttled) கமாண்டை அடிக்கச் சொன்னார். சுழியம் வந்தது, அதாவது எந்தக் குறையும் பதிவாகவில்லை. அதற்குப் பிறகு அவர் குரலே மாறிவிட்டது. அந்த இடத்தில் 50000 வந்தால் ஆன் செய்ததிலிருந்து எப்போதோ வோல்டேஜ் இறங்கி வேகமும் குறைந்திருக்கிறது என்று அர்த்தம்; 50005 என்றால் அந்த நிமிடமும் அதே நிலைதான்.

அடுத்து பேட்டரி எவ்வளவு நேரம் வரும் என்றார். எம்ஏஎச்-ஐ (மில்லி ஆம்பியர்-அவர்) வைத்துப் பதில் சொல்லாதீர்கள், அதை வோல்டேஜோடு பெருக்கி வாட்-அவரில் சொல்லுங்கள். 3000 எம்ஏஎச் 18650 செல் (உருளை வடிவ லித்தியம் செல்) இரண்டை பேரலலாகப் போட்டால் 3.7 வோல்ட்டில் 22.2 வாட்-அவர். கன்வெர்ட்டரில் 15 சதவீதம் போனால் மிச்சம் சுமார் 19. ஸ்கிரீனோடு சேர்த்து 6 வாட் இழுத்தால் மூன்று மணி நேரம். 10000 எம்ஏஎச் பவர் பேங்க் என்பதும் 37 வாட்-அவர்தான். இழப்பே இல்லை என்று வைத்துக்கொண்டாலும் 5 வோல்ட்டில் 7400 எம்ஏஎச்.

மற்றவை, வேகமாக:

- பை 5 வேண்டாம் என்பேன். அது 5 ஆம்பியர் எதிர்பார்க்கிறது. 3 ஆம்பியர் சப்ளை கொடுத்தால் யூஎஸ்பி எல்லாவற்றுக்கும் சேர்த்து 600 மில்லி ஆம்பியர்தான் விடும்.
- செல்களை பேரலலாக இணைக்கும் முன் இரண்டும் ஒரே வோல்டேஜில் இருக்கிறதா பாருங்கள். ப்ரொடெக்‌ஷன் போர்டு (செல் அளவுக்கு மீறிச் சார்ஜ் ஆகாமலும் வடியாமலும் காப்பது) கட்டாயம்.
- எஸ்பிஐ ஸ்கிரீன் (ஜீபிஐஓ பின் வழியாக ஒவ்வொரு பிட்டாகப் படத்தை வாங்குவது) எடுக்காதீர்கள். 320×480, 16 பிட் என்றால் ஒரு ஃபிரேமுக்கே சுமார் 24.6 லட்சம் பிட். 32 மெகாஹெர்ட்ஸில் நொடிக்கு 13 ஃபிரேம்தான் தேறும்.
- எச்டிஎம்ஐ வழியாகப் படமும் ஒலியும்தான் வரும். டச்சுக்கு யூஎஸ்பி தனியாக வேண்டும். ஸ்கிரீனைத் திருப்பினால் டச் தானாகத் திரும்பாமல் போகலாம், நான்கு மூலையையும் தொட்டுப் பாருங்கள்.
- 5-வது பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே ஒரு பட்டன், கான்ஃபிக் ஃபைலில் ஜீபிஐஓ-ஷட்டவுன் ஓவர்லே (அந்தப் பட்டனை அணைக்கும் பட்டனாக்கும் ஒரு வரி). ஒரே பட்டனில் அணைக்கலாம், எழுப்பலாம். பவரை நேரடியாகப் பிடுங்கினால் எஸ்டி கார்டு கெட்டுப்போகலாம்.

கேஸ் பற்றி எனக்கு இன்னும் ஆதங்கம் இருக்கிறது. இரண்டாவது ரிவ்யூவில் "ஃபினிஷிங் இல்லையே" என்று சொல்லியே பாதி நேரத்தை ஓட்டிவிட்டார்கள், உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு கேள்வி இல்லை. அதற்காக கேஸை முழுக்க அடைத்து அழகு பார்க்காதீர்கள். 80 டிகிரி தொட்டாலே ப்ராசஸர் வேகத்தைக் குறைக்க ஆரம்பிக்கும். காற்றுக்கு ஓட்டை விடுங்கள், கேட்டால் இந்த எண்ணைச் சொல்லுங்கள்.

நான் தனியாக உட்கார்ந்து நோட்டில் எழுதி எழுதிச் செய்கிற ஆள். நன்றாகப் பேசத் தெரிந்தவர்கள் டெமோவிலேயே சமாளிக்கலாம் என்பார்கள். இருக்கலாம், ஆனாலும் அந்த டேபிளை எழுதிவிடுங்கள். எஸ்டி கார்டைக் காப்பி எடுத்து இன்னொரு கார்டில் போட்டு, அதிலிருந்தும் ஒருமுறை பூட் செய்து பார்த்துவிட்டு வைவாவுக்குக் கிளம்புங்கள்.